ஏழு நாள் புதிர்

1/ நேத்து கிளினிக்ல காத்திருந்த ஒரு தம்பி செல்போன்ல புதிர் விளையாட்டு ஆடிட்டு இருந்தாப்ல. ஒரே நாள், ஏகப்பட்ட வேலை, எதை எந்த நேரத்துல செய்யறதுன்னு அடுக்கணும். "மூணு தடவை தோத்துட்டேன் சார்"ன்னாப்ல. நம்ம வெள்ளகோவில் அரை நூற்றாண்டா இப்படி ஒரு புதிருக்குள்ளதான் இருக்குன்னு சொன்னேன். அந்தக் கதைதான் இந்த இழை.

2/ அட்டவணைப் புதிர் பழைய சமாச்சாரம். 1850-ல் இங்கிலாந்தின் பாதிரியார் தாமஸ் கிர்க்மேன் ஒண்ணு போட்டார். 15 மாணவிகள், 7 நாள், தினமும் மூணு மூணு பேரா நடக்கணும். எந்த ரெண்டு பேரும் மறுபடி ஒண்ணா நடக்கக் கூடாது. இதுக்கு விடை உண்டு. ஒவ்வொருத்தியும் மத்த 14 பேரோடயும் சரியா ஒரு தடவை நடந்திருப்பா.

3/ எத்தனை மாணவிகளுக்கு இப்படி அட்டவணை போட முடியும்? இதுக்கான பொதுத் தீர்வு அச்சில் வர 1971 ஆயிடுச்சு. வெளியிட்டவர்கள் வங்கத்தில் பிறந்த ராய் சௌதுரியும் அவருடைய மாணவர் வில்சனும்.

4/ இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். காமராசர் முதல்வரா இருந்தப்ப, 1961-ல் பிரதமர் நேரு தொடங்கி வைத்தது. ஆனைமலையில மேற்கே ஓடுற தண்ணியை அணை கட்டி, சுரங்கம் குடைஞ்சு கிழக்கே திருப்பினாங்க. கேரளத்தோட ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல்.

5/ அந்தத் தண்ணி திருமூர்த்தி அணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்ல நம்ம பக்கம் வருது. பாசனப் பரப்பு 3.77 லட்சம் ஏக்கர். எல்லாருக்கும் ஒரே நேரத்துல தண்ணி கொடுக்க முடியாது. அதனால 4 மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சாங்க. ஒரு மண்டலத்துக்கு ஓடும்போது மத்த மூணும் காத்திருக்கணும்.

6/ தாள்ல பார்த்தா கிர்க்மேன் புதிர் மாதிரியே சமமா இருக்கும். ஆனா மாணவிகள் நடக்குற பாதை கசியாது, கால்வாய் கசியும். நூறு கிலோமீட்டருக்கு மேல ஓடி வர்ற வழியில மண்ணு குடிக்கும், வெயில் குடிக்கும், திருட்டுக் குழாயும் குடிக்கும். மேல்மடைக்கு மதகு திறந்த உடனே முறை தொடங்கிடும். கடைமடைக்காரன் தண்ணி வந்து சேரக் காத்திருக்கையிலேயே அவன் நாள் கழிஞ்சிட்டு இருக்கும். 'ஏழு நாள் திறப்பு, ஏழு நாள் அடைப்பு' வேணும்னு நம்ம விவசாயிகள் உண்ணாவிரதம் வரைக்கும் போனது இதனாலதான்.

7/ டாக்டரா ஒண்ணு சொல்றேன். சுகர்காரர் வந்தா நெஞ்சை மட்டும் பார்த்து அனுப்ப மாட்டோம், பாதத்துல விரல் வெச்சு நாடி பார்ப்போம். இதயம் நல்லா துடிச்சாலும் நடுவுல ரத்தக்குழாய் அடைச்சிருந்தா கால் விரலுக்கு ரத்தம் வராது. புண்ணு ஆறாது. கடைசியில விரலையே எடுக்க வேண்டி வரும். உடம்புக்குக் கால் விரல்தான் கடைமடை.

8/ என் கருத்து இதுதான். முறைநாளை அணையில மதகு தூக்குன நேரத்துல இருந்து எண்ணாதீங்க, கடைமடைக்குத் தண்ணி வந்த நேரத்துல இருந்து எண்ணுங்க. அந்தத் தம்பி விளையாட்டுல தோத்தா மறுபடி முதல்ல இருந்து ஆடலாம். காய்ஞ்ச தென்னைக்கு அது முடியாதுங்க.