இஞ்சியும் கறுவாவும் அரபுச் சொற்களும்

கொட்டாஞ்சேனை மருந்துச் சரக்குக் கடையொன்றில் கடுக்காயும் சுக்கும் கறுவாவும் அருகருகே இருக்கின்றன. அரபு மொழி இவற்றைப் பன்னெடுங் காலமாக அறியும். கடுக்காய் அங்கே ‘ஹலீலஜ்’. ‘ஹரீதகீ’ என்னும் வடசொல் பாரசீகம் வழியாகச் சென்று அடைந்த உருவம் அது. சுவர்க்கத்துப் பானத்திற் கலந்திருப்பதாகத் திருக்குர்ஆன் கூறும் ‘ஸன்ஜபீல்’ நம் இஞ்சியே. பாளியின் ‘சிங்கிவேர’ அதன் முன்னோர். அதற்கும் மூலம் திராவிடச் சொல்லே என்பர் மொழிநூலார் பலர். புளிக்கோ ‘தம்ர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்று பெயரிட்டனர். பேரீச்சையோடு வாழ்ந்தவன் வேறெதனை ஒப்புக் கூறுவான்?

கறுவாவை அவர்கள் ‘கிர்ஃபா’ என்றனர். பட்டை என்பதே பொருள். 1344-இல் இங்கு வந்த இப்னு பதூதா, வெள்ளம் ஒதுக்கிய கறுவா மரங்கள் புத்தளக் கரையிற் குவிந்து கிடந்தனவென்றும், மலபார், மாபார் மக்கள் அரசனுக்குத் துணி முதலியன அளித்து, விலையின்றி அவற்றை எடுத்துச் சென்றனரென்றும் எழுதினார்.

முன்னூறாண்டு சென்றது. 1656-இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனியின் ஆட்சியிலோ, அதே பட்டையைக் களவில் உரித்தாலும் விற்றாலும் மரணதண்டனை. காடேறி உரித்துக் கொடுப்பது சலாகம சாதியாரின் பிறப்புக் கடனாகவே வைக்கப்பட்டிருந்தது. பின்னர் ஒல்லாந்தர் நட்ட தோட்டங்களின் எச்சந்தான் கொழும்புக் ‘கறுவாத்தோட்டம்’ என்னும் பெயர். அங்கே இப்போது மாளிகைகளும் தூதரகங்களும் நிற்கின்றன.