நீலகிரியில் படித்த இரண்டு நைஜீரியர்கள்

போன வாரம் ஏற்காடு ஏரிக்கரையில மிளகாய் பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தப்ப, கூட வந்த நண்பன் கேட்டான்: "ஆப்பிரிக்க ராணுவத்துக்காரங்க நம்மூரு மலையில வந்து படிச்சாங்களாமே, நெஜமாடா?"

நெஜம்தான். ஆனா சேர்வராயன் மலையில இல்லை, குன்னூர் பக்கத்து வெலிங்டன்ல. அங்குள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் 1965-ல் ஒபசான்ஜோ, 1973-ல் புஹாரி படித்தார்கள். இருவருமே பிற்பாடு நைஜீரியாவை ஆண்டவர்கள்.

நடுவுல பியாஃப்ரா போர் (1967-70). பிரிட்டன் கவச வண்டி கொடுத்தது, போர் விமானம் தரலை. சோவியத் யூனியன் மிக்-17 கொடுத்தது. ஓட்ட ஆள்? எகிப்திலிருந்து விமானிகள் வரவேண்டியதாப் போச்சு. தளவாடத்தைக் காசு கொடுத்து வாங்கிடலாம், பயிற்சிக்கு வருஷக்கணக்கா ஆகும்.

இனிதான் விஷயமே. 1979-ல் ராணுவ ஆட்சியாளரான ஒபசான்ஜோ, தேர்தலில் ஜெயித்த ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்தார். 1983 டிசம்பர் 31-ல் ஷகாரியை ராணுவம் கவிழ்க்க, தலைமைக்கு வந்தவர் யார் தெரியுமோ? நம்ம புஹாரி! பின்னாளில் 1999-ல் அவரும், 2015-ல் இவரும் ஓட்டு வாங்கித்தான் திரும்ப வந்தாங்க.

படையை எப்படி நடத்தணும்னு கல்லூரி சொல்லித் தரும். துப்பாக்கியை எப்போ கீழே வைக்கணும்னு யாரு சொல்லித் தர்றது? நண்பன்கிட்ட பதில் இல்லை. எங்கிட்டயும்தான்.