தோல் சொல்லும் சாட்சி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை! பாலாற்றங்கரையின் இவ்வூர்களைச் சொன்னதும் மூக்கைப் பொத்துவோர் உண்டு. பொத்தட்டும்! ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழியிலே இறங்கி நின்றவன் பதனிட்ட தோல்தான் அவர்கள் காலிலே செருப்பாகக் கிடக்கிறது. நாற்றம் தொழிலினுடையது, கழுவினால் போகும். தீட்டு என்பது எவருடையது? தோல் என்னும் சொல்லையே கூண்டிலேற்றிக் கேட்போம், தோழர்களே!

பாலாறு கன்னட நாட்டு நந்திமலையிலே பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழகம் புகுகிறது. அது வரும் வழியெல்லாம் இச்சொல்லும் உடன் வருகிறது. கன்னடர் தொகலு என்பர். தெலுங்கர் தோலு என்பர். தமிழருக்கும் மலையாளிகளுக்கும் தோல். தொகலு கொம்பெயாட்டம், தோலு பொம்மலாட்டம், தோல்பாவைக்கூத்து என்று கலைக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு தாய் வயிற்றுச் சொல் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ!

கடல் கடந்தால் கெல்டிக் மொழிகளிலும் இதே உறவு. அயர்லாந்தில் லியஹர், வேல்சில் லெடர், பிரெத்தானியில் லேர். ஆங்கிலேயனின் லெதரும் அவற்றுக்கு உறவே. அச்சொற்களினின்று சாதிப்பெயர் எதுவும் முளைக்கவில்லை.

பழந்தமிழில் தோல் என்றால் மறவன் ஏந்திய கேடயம். அதுமட்டுமன்று. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளை அடுக்குகிறதே, அவற்றுள் ஒன்றின் பெயரும் தோல்! இனிய சொல்லால் உயர்ந்த பொருளைப் பாடுவதற்கு இட்ட பெயர். தீண்டத்தகாத சொல்லாயின் இலக்கண ஆசான் அதனை அழகின் வரிசையிலே அமர்த்தியிருப்பானா?

தீட்டைச் சட்டமாக்கியது மனுநூல். அதன் பத்தாம் அத்தியாயம் தோல்வேலையைக் கலப்பிலே பிறந்தோரின் தொழிலென்று ஒதுக்குகிறது. வடமொழிச் சர்மம், ஆம்பூரில் உருது பேசும் தோழரின் வாயிலே சம்டா எனப் பொருளின் பெயராகவே நிற்கிறது. வடநாட்டிலோ சமார் எனச் சாதிப் பெயராகி, வசைச்சொல்லும் ஆக்கப்பட்டது. முனிவன் உடுத்த மான்தோலும் சிவனார் அரைக்கு அசைத்த புலித்தோலும் மட்டும் புனிதமாம்! நம் நாட்டிலும் முகக்களிம்பு விற்போர் சருமம் என்றே எழுதுகிறார்கள். தோல் என்றால் விலை இறங்கிவிடுமோ என்னவோ!

பழி முழுவதையும் வடக்கே அனுப்பிவிட்டு நாம் கைகழுவ முடியாது. புறநானூற்றின் 82ஆம் பாட்டிலே சாத்தந்தையார் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரிலே விழா தொடங்கிவிட்டது, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், மழை பொழிகிறது, பொழுதும் சாய்கிறது. கட்டில் பின்னும் அவன் கையிலே வார் கோத்த ஊசி பறக்கிறது. சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி நிகழ்த்திய போரின் விரைவை அளக்க அந்த ஊசியைத்தான் எடுத்தார் புலவர். ஊசி பிடித்தவனை மட்டும் இழிசினன் என்றே எழுதினார்.