கள்ளாட்டம்

களவு, கள்வன், கள்ளச்சாவி ஆகியவற்றுக்கு மூலமாய்த் திருட்டைக் குறிக்கும் ‘கள்’ என்னும் அடியினின்று பிறந்த கள்ளம், ஆட்டத்தோடு சேர்ந்து கள்ளாட்டமாகிறது. கும்பகோணத்துத் திண்ணையில் பித்தளைத் தாயக்கட்டையின் முகத்தை அராவி வேண்டிய எண் விழச் செய்வதும், கணினிப் போட்டியில் துப்பாக்கி தானே எதிரியைக் குறிபார்க்கும்படி நிரலைப் புகுத்துவதும், பிள்ளைகள் இன்று ‘ஹேக்’ என்று சொன்னபோதிலும், சுபாவத்தில் ஒன்றே. கருவியைக் கெடுத்தவன் எதிராளியின் நெடுநாள் அப்பியாசத்தையே அபகரிக்கிறான். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் என்னும் கணினி விளையாட்டுப் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர், வேர்டு மென்பொருளின் பெயரிட்டு மறைத்த அத்தகைய நிரலோடு பிடிபட, அணி முழுவதும் போட்டியினின்று விலக்கப்பட்டதோடு பின்னர் கலைக்கவும்பட்டது. அவருக்கு விதித்த ஐந்தாண்டுத் தடையைவிட, சகாக்கள் இழந்த வாய்ப்பே எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.