உட்ஸ்டாக் பேழைகளும் விடுபட்ட குரல்களும்

பழைய ராக் கச்சேரிப் படங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பேழையில் புதிய விலையுடன் விற்பனைக்கு வருகின்றன. கொடுக்கும் காசுக்கு அவை பெறுமா என்ற கேள்வியும் உடன் வருகிறது. பாளையம்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் கைத்தறிச் சேலை வாங்குவோர் அட்டைப்பெட்டியைக் கண்டு விலை பேசுவதில்லை. சேலையை விரித்து, முந்தி முதல் உடல்வரை தடவிப் பார்த்த பிறகே பேசுவர். இவ்வகை வெளியீடுகளில் பெரும்புகழ் பெற்ற உட்ஸ்டாக்கையும் அவ்வாறே விரித்துப் பார்க்கலாம்.

1969 ஆகஸ்ட் 15 அன்று, நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில் மாக்ஸ் யாஸ்கரின் பால்பண்ணை நிலத்தில் விழா தொடங்கியது. மூன்று நாட்களுக்கும் முன்பதிவுச் சீட்டின் விலை 18 டாலர். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் திரண்டதும் வேலி பயனற்றுப் போனது, விழா இலவசமாயிற்று.

முதல் நாள் மேடையில் ஒரு தமிழர் அமர்ந்து பேசினார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் அவர். எங்கள் வட்டாரத்துத் திருச்சுழியில் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர். 1949-இல் ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்றவர். ஒலியின் ஆற்றலைப் பற்றியும், பொருள்வளத்தில் உலகுக்கு உதவிய அமெரிக்கா ஆன்மிகத்திலும் உதவவேண்டிய காலம் வந்திருப்பதைப் பற்றியும் அவர் பேசினார். அன்றிரவு மழையினூடே ரவிசங்கர் சிதார் வாசித்தார். தபலாவில் அல்லா ரக்கா.

மைக்கேல் வாட்லி இயக்கிய படம் 1970 மார்ச்சில் வெளிவந்தது. மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் அப்படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. விழாவில் பெருநட்டம் கண்ட அமைப்பாளர்கள், படத்தின் வழியாகவும் இசைத்தட்டுகளின் வழியாகவும் ஆண்டுகள் பல கழித்தே அதை ஈடுகட்ட முடிந்தது. அந்தப் படத்தில் ரவிசங்கரின் வாசிப்பு இல்லை.

1994-இல் இயக்குநர் தொகுப்பென்று ஏறத்தாழ 40 நிமிடம் சேர்த்தனர். 2009-இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு குஞ்சம் தொங்கும் பெட்டியில் வந்தது. லைஃப் இதழின் மறுபதிப்பு, நுழைவுச்சீட்டின் நகல் முதலிய நினைவுப்பொருள்கள் உள்ளே இருந்தன. கூடுதல் இசை இரண்டு மணி நேரம். கிரீடன்ஸ், கிரேட்ஃபுல் டெட் முதலான ஐந்து குழுவினர் உட்ஸ்டாக் படத்தொகுப்பில் முதன்முறையாக இடம்பெற்றனர். சிதாருக்கு அப்போதும் இடம் கிடைக்கவில்லை. குஞ்சத்துக்கும் நகலுக்கும் கொடுத்த காசு வீண்; புதிதாய்க் கிடைத்த இரண்டு மணி நேரத்துக்குக் கொடுத்தது வீணன்று.

சச்சிதானந்தரின் உரையும் ரவிசங்கரின் வாசிப்பும் 2019-இல் வந்த ஒலித்தொகுப்பில் இடம்பெற்றன. 38 குறுந்தகடுகள், சுமார் 36 மணி நேரம், 1969 படிகள் மட்டும், விலை ஏறத்தாழ 800 டாலர். முழுமையானது என விளம்பரப்படுத்தப்பட்ட அதிலும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குழுவினரின் இரண்டு பாடல்கள் சேர்க்கப்படவில்லை. மணிக்கணக்கில் பார்த்தால் மணிக்கு 22 டாலர், மலிவென்றே சொல்லவேண்டும். எனினும், 18 டாலரில் மூன்று நாள் கேட்கவிருந்ததை அரை நூற்றாண்டு கழித்து இவ்விலைக்கு, அதுவும் ஒலியாக மட்டுமே பெறுகிறோம்.

இதற்கு மாறான முன்னுதாரணமும் உண்டு. 1967 மாண்ட்ரே விழாவைப் பென்னிபேக்கர் 80 நிமிடத்துக்குள் சுருக்கினார். ஆயினும் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக ரவிசங்கருக்கு ஒதுக்கி, அவர் வாசிப்பிலேயே படத்தை முடித்தார். எதை நீளமாக வைக்கவேண்டும் என்று அறிந்த தொகுப்பு அது. பெட்டி சிறிது, பெறுமதி பெரிது.

பெறுமதிக்கு இன்னொரு அளவும் உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய வங்கதேச நிதிக் கச்சேரியின் நுழைவுச்சீட்டு வருவாய், சுமார் இரண்டரை லட்சம் டாலர், யுனிசெஃப்புக்குச் சென்றது. இசைத்தட்டு, படம் ஆகியவற்றின் வருவாயோ வரிச்சிக்கலில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. 2005-இல் வந்த டிவிடியின் வருவாயும் யுனிசெஃப் நிதிக்கே ஒதுக்கப்பட்டது. அங்கே வாங்குபவரின் காசு வணிகரிடம் நின்றுவிடவில்லை.

ஆகவே புதிய பேழை வரும்போது கேட்கவேண்டியவை இரண்டு: முன்பு வெட்டப்பட்டவற்றில் எது திரும்பி வந்திருக்கிறது, காசு யாரைச் சேர்கிறது. இவ்விரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை பழைய பதிப்பே போதும்.