பாட்டன் கைட்டோஸ்: சீட்டுக்கட்டோடு வானத்தில் பறந்த விளையாட்டு

பெயரைப் பார்த்ததும் யாரோ தாத்தாவைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துவிட வேண்டாம் :-) பாட்டன் கைட்டோஸ் என்பது வானத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தின் அரபுப் பெயர். 'கடல் பூதத்தின் வயிறு' என்று பொருள். அந்த நட்சத்திரத்தின் பெயரில் 2003 டிசம்பரில் ஜப்பானில் ஒரு வீடியோ கேம் வெளிவந்தது. அப்போது நிண்டெண்டோவின் கேம்க்யூபில் மட்டுமே ஓடியது. கற்பனை உலகம், சிறகு முளைத்த மனிதர்கள், சாம்ராஜ்யம், உறங்கும் தெய்வம் என்று எல்லாமே ரோல் பிளேயிங் கேம்களில் வழக்கமாக வருகிற சரக்குதான். சண்டை மட்டும் வேறு மாதிரி. வாளை எடு, மந்திரம் போடு, மருந்து குடி என்று பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழுச் சண்டையையும் சீட்டுகளால் நடத்தியது இந்த விளையாட்டு.

சீட்டுக்கும் வீடியோ கேமுக்கும் உள்ள உறவு பழையது. நிண்டெண்டோ நிறுவனமே 1889-ல் கியோட்டோ நகரத்தில் 'ஹனஃபுடா' என்ற பூச்சீட்டு தயாரிக்கும் கடையாகத்தான் பிறந்தது. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' சீட்டு சேகரிக்கும் பைத்தியத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. 1996-ல் போக்கிமான் சீட்டுகள் வந்தன. 1999-ல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 8-க்குள் ஒரு சீட்டு விளையாட்டு குட்டி போட்டு உட்கார்ந்திருந்தது. கதையை மறந்துவிட்டு அதையே ஆடிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆனால் இவற்றில் எல்லாம் சீட்டு என்பது சீட்டுதான். பாட்டன் கைட்டோஸில் சீட்டு என்பது அந்த உலகத்தின் இயற்கை விதி.

அது எப்படி என்றால், அந்த உலகத்தில் எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் சாரத்தை உறிஞ்சி ஒரு சீட்டுக்குள் அடைக்கலாம். அந்தச் சீட்டுக்கு 'மாக்னஸ்' என்று பெயர். வாள், கவசம், பழம், பால், கல் எல்லாமே மாக்னஸ் ஆகும். ஆகவே நாயகன் முதுகில் மூட்டை தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. இத்தனை ஆயுதங்களை இவன் எங்கே வைத்திருக்கிறான் என்று இந்த வகை விளையாட்டுகளில் யாரும் கேட்காத கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது!

இதைச் செய்தவர்கள் யார்? இரண்டு சின்ன நிறுவனங்கள். ஒன்று மோனோலித் சாஃப்ட். ஸ்கொயர் நிறுவனத்தில் 'செனோகியர்ஸ்' எடுத்த டெட்சுயா டகஹாஷியும் சிலரும் வெளியேறி 1999-ல் நாம்கோவின் பணத்தில் ஆரம்பித்தது. இன்னொன்று ட்ரை-கிரெசெண்டோ. அது இசை, ஒலி வேலைகளில் பெயர் வாங்கிய குழு. படங்களின் அழகுக்குப் பின்னால் இருந்தவர் யசுயுகி ஹொன்னே. 'க்ரோனோ க்ராஸ்' விளையாட்டின் கலை இயக்குநராக இருந்தவர். கதை எழுதியவர் அதே விளையாட்டின் மசாட்டோ கட்டோ. இசை மோட்டோய் சகுராபா. இப்படி அனுபவசாலிகள் சேர்ந்து, தோற்றுக்கொண்டிருந்த ஒரு கன்சோலுக்கு இவ்வளவு துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். பிளேஸ்டேஷன் 2 மொத்தத்தில் 15 கோடிக்கும் மேல் விற்றது. கேம்க்யூப் சுமார் 2 கோடியே 17 லட்சத்தோடு நின்றுபோனது. ரோல் பிளேயிங் ரசிகர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் இருந்தார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அதே 2003-ல் வந்த 'டேல்ஸ் ஆஃப் சிம்ஃபோனியா' போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சில விளையாட்டுகள்தான் கதி.

சரி, சண்டைக்கு வருவோம். மொத்தம் ஆறு பாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி சீட்டுக்கட்டு. சண்டையில் மூன்று பேர் இறங்குவார்கள். முறை வந்ததும் கையில் சில சீட்டுகள் தெரியும். ஒன்றைப் போட வேண்டும், அது திரையில் அடியாக விழுந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆற அமர யோசிக்க நேரம் கிடையாது. சீட்டின் மூலைகளில் எண்கள் இருக்கும். எந்த மூலையின் எண்ணைப் பயன்படுத்துவது என்பதை கன்ட்ரோலரின் சின்னக் குச்சியைத் தள்ளிச் சொல்ல வேண்டும். 3, 4, 5, 6 என்று வரிசை அமைந்தாலோ, ஒரே எண் ஜோடி ஜோடியாக வந்தாலோ அடியின் பலம் கூடும்.

ரம்மி ஆடத் தெரிந்த எவருக்கும் இது அரை நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் ரம்மியில் சீட்டுக்கு எண் மட்டும்தான். இங்கே எண்ணோடு குணமும் உண்டு. நெருப்புக்கு எதிர் நீர், ஒளிக்கு எதிர் இருள், காற்றுக்கு எதிர் காலம். நெருப்பு வாளையும் நீர் வாளையும் ஒரே அடுக்கில் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எண் வரிசை அழகாக அமைந்து, குணம் முட்டிக்கொண்டால் அடித்த அடி பாதி வீண். எண்ணைப் பார்ப்பதா, குணத்தைப் பார்ப்பதா? முடிவெடுக்க ஒன்றிரண்டு நொடிதான். எதிரி தாக்கும்போதும் சும்மா உட்கார முடியாது. அடி விழ விழக் கவசச் சீட்டுகளைப் போட்டுத் தடுக்க வேண்டும். மற்ற விளையாட்டுகளில் எதிரியின் முறை வந்தால் தேநீர் குடிக்கப் போகலாம். இதில் முடியாது. இதுதான் இந்த விளையாட்டின் பெரிய பலம். கை பழகிய ஒருவர் ஆடுவதைப் பார்த்தால் சீட்டாட்டம் போலவே தெரியாது, ஏதோ வாத்தியம் வாசிப்பது போல இருக்கும்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. சீட்டுக்கு வயதாகும்! விளையாட்டின் கடிகாரம் ஓட ஓட, கட்டில் இருக்கும் காய் பழுக்கும். பழுத்தால் உடல்நலம் கூட்டும். இன்னும் விட்டால் அழுகிவிடும். அழுகியதைத் தின்னக் கூடாது, எதிரி மேல் எறியலாம். ஒரு நல்ல மருந்துச் சீட்டு கிடைத்தது என்று பத்திரமாக வைத்திருந்து, பெரிய எதிரியின் முன் எடுத்துப் பார்த்தால் அது வேறு ஏதோவாக மாறியிருக்கும். கஞ்சத்தனம் பிடித்து எல்லா மருந்தையும் கடைசிவரை சேர்த்து வைக்கும் ஆட்டக்காரர்களுக்கு (இந்த வகை விளையாட்டு ஆடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்) இதைவிடச் சரியான பாடம் எந்த விளையாட்டும் சொன்னதில்லை. சில சீட்டுகளைக் குறிப்பிட்ட வரிசையில் போட்டால் புதுச் சீட்டு பிறக்கும்; அரிசியும் நெருப்பும் சேர்ந்தால் சோறு என்கிற மாதிரி. மொத்தம் 1022 சீட்டுகள்.

காசு விஷயமும் விசித்திரம். எதிரியைக் கொன்றால் பணம் கொட்டாது. கேமரா சீட்டு ஒன்று இருக்கிறது. சண்டைக்கு நடுவே எதிரியைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கடையில் விற்க வேண்டும்! ஒரு அடி அடிக்க வேண்டிய நேரத்தில் ஒரு படம். கட்டில் கேமராவுக்கு இடம் கொடுத்தால் வாளுக்கு இடம் குறையும். வயிற்றுப் பிழைப்பா உயிரா என்ற கேள்வியைச் சீட்டுக்கட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது கெட்டிக்காரத்தனம்.

இனிக் குறைகள். அவையும் அதே இடத்தில் இருந்துதான் முளைக்கின்றன. எந்தச் சீட்டு வரும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். தாக்கும் முறையில் கை நிறையக் கவசம் வரும், எதிரி அடிக்கும்போது கை நிறைய வாள் வரும். கட்டு தீர்ந்துவிட்டால் மறுபடி கலைத்துப் போட ஒரு முறையைப் பலி கொடுக்க வேண்டும். பெரிய எதிரியிடம் ஒரு மணி நேரத்தில் பாதியை விட்டு, கடைசி நேரத்தில் தேவையான மருந்து வராமல் செத்தால், தவறு ஆடியவருடையதா சீட்டினுடையதா என்று தெரியாது. கட்டை ஒழுங்காக அமைத்தால் அதிர்ஷ்டத்தை ஓரளவு அடக்கலாம், உண்மைதான். ஆனால் ஆரம்பத்தில் கிடைக்கும் சீட்டுகளே கொஞ்சம், குணங்களும் கலவை. தண்ணீரும் நெருப்பும் ஒரே கட்டில் கிடந்து அடித்துக்கொள்ளும். விளையாட்டு தன் அழகைக் காட்டத் தொடங்குவதற்கு முன்பே பொறுமை இழந்து மூடிவைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆறு பேருக்கு ஆறு கட்டு என்பதும் சுமைதான். புதுச் சீட்டு கிடைக்கும் ஒவ்வொரு முறையும் யாருடைய கட்டில் எதை எடுத்துவிட்டு எதைச் சொருகுவது என்று கணக்குப் போட வேண்டும். அனுபவப் புள்ளி சேர்ந்தாலும் அங்கேயே பலம் கூடாது. குறிப்பிட்ட இடங்களில் இருந்து தேவாலயத்துக்குப் போய் வேண்டிக்கொண்டால்தான் கூடும். கதையோடு பொருந்தும் யோசனை, காலுக்கு மட்டும் வேலை. புதுச் சீட்டு பிறக்கும் சேர்க்கைகளுக்குப் போதிய குறிப்பும் கிடையாது. இணையத்தில் யாராவது பட்டியல் போட்டால்தான் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய கொடுமை ஷாம்பு. ஷாம்பு சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்தால் அது அழகிய கூந்தலாக மாறும். எவ்வளவு நேரம்? 336 மணி! நிஜ மணிக்கணக்கில், கன்சோலைப் போட்டே வைத்தால், இரவு பகலாகச் சரியாக இரண்டு வாரம். 1022 சீட்டையும் சேர்த்தே தீருவேன் என்று சபதம் எடுத்தவர்கள் மின்கட்டணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. காலம் சீட்டை மாற்றும் என்பது நல்ல யோசனை. அந்த யோசனைக்கு ஆட்டக்காரரின் காலம் எவ்வளவு மலிவாகத் தெரிந்தது என்பதற்கு இந்தக் கூந்தலே சாட்சி.

கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். (இனிமேல் விளையாடலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகவும்.) கடல் இல்லாத உலகம், மேகத்தில் மிதக்கும் தீவுகள். தீவுகளின் பெயர்களில் மீரா, டையடெம், அல்ஃபார்ட், சடல் சூட் எல்லாம் நட்சத்திரங்கள். நாயகன் கலாஸ் ஒற்றைச் சிறகோடு பிறந்தவன். இன்னொன்று இயந்திரச் சிறகு. ஆடுபவர் கலாஸ் இல்லை. அவனுக்குத் துணை நிற்கும் ஒரு ஆவி. ஆரம்பத்தில் ஆவியின் பெயரைக் கேட்பார்கள். அதன்பின் கலாஸ் திரையைப் பார்த்து நேரடியாகப் பேசுவான், ஆலோசனை கேட்பான். முதலில் இது வெறும் விளையாட்டுத்தனமாகத் தெரியும். பாதிக் கதை கடந்த பிறகு அதே கலாஸ் கூட இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் துரோகம் செய்கிறான், ஆவி உட்பட. அதாவது பல மணி நேரம் அவனுக்காகச் சீட்டுப் போட்டவருக்கே! நாயகன் ஏமாற்றியது வேறொரு பாத்திரத்தை இல்லை, கன்ட்ரோலரைப் பிடித்திருந்தவரை. 2003-ல் இதைச் செய்ய தைரியம் வேண்டும்.

இவ்வளவு நல்ல கதையை ஆங்கிலப் பதிப்பு கெடுத்தது ஒரு சோகம். 2004 நவம்பரில் அமெரிக்காவுக்கு வந்தபோது, ஆங்கிலக் குரல்கள் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதைப் போலக் கேட்டன. நடிப்பும் சுமார். விமர்சனம் எழுதியவர்கள் பலர் சண்டையையும் படங்களையும் இசையையும் பாராட்டிவிட்டு, குரலை அணைத்துவிட்டு ஆடச் சொன்னார்கள். துரோகம் நடக்கும் அந்த முக்கியமான காட்சியிலும் அதே குரல்தான்.

செய்தவர்களுக்குக் குறைகள் தெரிந்தே இருந்தன. 2006 பிப்ரவரியில் ஜப்பானில் வந்த முன்கதையான 'பாட்டன் கைட்டோஸ் ஆரிஜின்ஸ்' அதற்குச் சான்று. அதில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கட்டு. எண்களைக் கூட்டிக்கழிக்கும் சிக்கல் குறைந்து, சிறிய எண்ணில் இருந்து பெரிய எண்ணுக்கு ஏறு வரிசையில் போட்டால் போதும் என்றானது. ஒருவர் அடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் தொடரலாம். வேகம் பிடித்தது, ஆங்கிலக் குரலும் தேறியது. ஆனால் கவசச் சீட்டுகளை அடிக்கு அடி போட்டுத் தடுக்கும் அந்தப் பரபரப்பு போய்விட்டது. குறையை வெட்டும்போது சதையும் கொஞ்சம் போனது என்றுதான் சொல்ல வேண்டும். எப்படியிருந்தாலும் அதை ஆட ஆள் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் வீ கன்சோல் வந்துவிட்டது. ஐரோப்பாவுக்கு அந்த முன்கதை அப்போது போகவே இல்லை.

2007-ல் மோனோலித் சாஃப்டின் பெரும்பங்கை நாம்கோவிடமிருந்து நிண்டெண்டோ வாங்கியது. அந்தக் குழு பிறகு 2010-ல் 'செனோபிளேட்' எடுத்துப் பெரிய பெயர் வாங்கியது, சீட்டை விட்டுவிட்டது. இதற்கிடையில் சீட்டு வேறு வழியில் திரும்பி வந்தது. 2014-ல் 'ஹார்த்ஸ்டோன்', 2019-ல் முழுமையாக வெளிவந்த 'ஸ்லே த ஸ்பைர்' ஆகியவை வந்தபின், சண்டையைச் சீட்டால் நடத்துவது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. அவற்றில் யோசிக்க நேரம் உண்டு, ஒரு ஆட்டம் சீக்கிரம் முடியும், தோற்றால் மறுபடி ஆரம்பிக்கலாம். அதிர்ஷ்டத்தின் கொடுமையைச் சின்ன ஆட்டம் தாங்கிக்கொள்ளும். அறுபது எழுபது மணி நேரக் கதை தாங்காது. பாட்டன் கைட்டோஸ் தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

2023 செப்டம்பரில் இரண்டு விளையாட்டுகளும் சேர்ந்து ஸ்விட்ச் கன்சோலுக்குப் புதுப்பிக்கப்பட்டு வந்தன. இப்போது வேகத்தை மூன்று மடங்காக்கலாம், வழியில் எதிரிகள் வராமல் நிறுத்தலாம், ஒரே அடியில் கொல்லலாம். ஆங்கிலக் குரல் முழுவதும் எடுக்கப்பட்டு ஜப்பானியக் குரல் மட்டும் இருக்கிறது. அந்தத் தகர டப்பாக் குரல் போனதில் பலருக்கு நிம்மதி. ஆரிஜின்ஸின் நல்ல குரலும் அதோடு சேர்ந்து போனதில் சிலருக்கு வருத்தம்.