வலிமை மிக்கவர் யார்? படக்கதை மாவீரர் இருவரின் வழக்கு

வலியவர் இருவரை எதிரெதிர் நிறுத்தி, இவருள் மிக்கவர் யார் என வினவுவது மாந்தர் இயல்பு. படக்கதை படிக்கும் சிறுவரும் அவ்வாறே வினவி வாதிடுவர். ஆயினும், அத்தகைய மாவீரர் இருவரின் ஆற்றலை அருகருகே வைத்து ஒப்பிடும் பணி ஒருமுறை அமெரிக்க நீதிமன்றத்திற்கே வந்து சேர்ந்தது என்பதைப் பலர் அறியார்.

முதல்வன் சூப்பர்மேன். கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் ஜெரி சீகல் கதை எழுத, ஜோ ஷஸ்டர் படம் வரைந்தார். 1938ஆம் ஆண்டு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவன் தோன்றினான். அன்று அவன் பறக்கவில்லை. ஒரே தாவலில் எட்டில் ஒரு மைல் கடப்பான். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். விரைவு ரயிலை ஓட்டத்தில் வெல்வான். வெடிக்கும் பீரங்கிக் குண்டன்றி வேறெதுவும் அவன் தோலைத் துளைக்காது. தன் எடையினும் பன்மடங்கு சுமக்கும் எறும்பையும், நெடுந்தொலைவு தாவும் வெட்டுக்கிளியையும் காட்டி, அவ்வலிமைக்கு அறிவியல் விளக்கம் தரவும் முயன்றனர்.

இரண்டாமவன் கேப்டன் மார்வெல். 1940இல் ஃபாசெட் நிறுவனத்திற்காகப் பில் பார்க்கர் எழுத, சி. சி. பெக் வரைந்தார். பில்லி பேட்சன் என்னும் சிறுவன் ‘ஷசாம்’ என்னும் மந்திரச் சொல்லைக் கூறியதும் மாவீரனாக மாறுவான். சாலமோனின் ஞானம், ஹெர்குலிஸின் உடல்வலி, அட்லஸின் தாங்குதிறன், ஜூஸின் ஆற்றல், அக்கிலிஸின் துணிவு, மெர்க்குரியின் விரைவு ஆகிய ஆறும் அவன்பால் சேரும். முன்னவன் வலிமை பிறப்பால் வந்தது. பின்னவன் வலிமை ஒரு சொல்லால் வருவது. உடல்வலியோடு ஞானத்தையும் பெற்றமையால் பின்னவன் பல்திறம் உடையவன் எனலாம். சிறுவன் ஒருவனே மாவீரனாக மாறியது இளம் வாசகரைப் பெரிதும் கவர்ந்தது. 1940களின் இடையில் அவன் இதழ் சூப்பர்மேன் இதழினும் மிகுதியாக விற்றது.

சூப்பர்மேனின் ஆற்றலும் வளர்ந்துகொண்டே சென்றது. தாவியவன் பறக்கத் தொடங்கினான். எவராலும் வெல்ல இயலாதவனுக்குக் கதையில் இடர் ஏது? ஆகவே, 1943இல் வானொலித் தொடரிலும் 1949இல் படக்கதையிலும் ‘கிரிப்டோனைட்’ என்னும் கல் புகுந்தது. அக்கல்லின் முன் அவன் வலியிழப்பான். வலிமைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை அவனை வளர்த்தவர்களே உணர்ந்துகொண்டனர்.

இதனிடையே, கேப்டன் மார்வெல் தங்கள் வீரனின் படி எனக் கூறி, சூப்பர்மேனின் உரிமையாளர் 1941இல் வழக்குத் தொடுத்தனர். 1951இல் மேல்முறையீட்டு மன்றத்தில் நீதிபதி லர்னட் ஹேண்ட் நுட்பமானதொரு தீர்ப்பு வழங்கினார். அருஞ்செயல் புரியும் வீரன் என்னும் பொதுக் கருத்து போதாது. இன்ன கதையில் வரைந்த இன்ன செயல் படியெடுக்கப்பட்டதா என ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கு மீண்டும் கீழ்மன்றத்திற்குச் சென்றது. அதற்குள் படக்கதை விற்பனையும் தளர்ந்தது. 1953இல் ஃபாசெட் நிறுவனம் 4 லட்சம் அமெரிக்க வெள்ளி கொடுத்து உடன்பாடு செய்துகொண்டு, தன் வீரனை நிறுத்திவிட்டது. வழக்காடி அவனை வீழ்த்திய நிறுவனமே 1972இல் அவனை வெளியிடும் உரிமத்தைப் பெற்றது வரலாற்றின் விந்தை.

அதனினும் பெரிய விந்தை ஒன்றுண்டு. சீகலும் ஷஸ்டரும் 1938இல் 13 பக்க முதற்கதையையும் அவ்வீரன் மீதான முழு உரிமையையும் 130 வெள்ளிக்கு விற்றுவிட்டனர். 1947இல் அவர்கள் வழக்குத் தொடுத்தும் சூப்பர்மேன் அவர்களிடம் திரும்பவில்லை. பின்னர் இருவரும் வறுமையில் உழன்றனர். பத்திரிகைகளும் சக ஓவியர்களும் குரல் எழுப்பிய பின்னரே, 1975இல் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 வெள்ளி வழங்க நிறுவனம் இசைந்தது. படைத்தோர் என அவர்கள் பெயரும் மீண்டும் அச்சேறியது.

பீரங்கிக் குண்டிற்கும் அசையாத மாவீரனால் தன்னைப் படைத்த இருவரை ஓர் ஒப்பந்தத் தாளினின்று காக்க இயலவில்லை. அவர்களைக் காத்தது, மந்திரச் சொல் ஏதும் அறியாத எளிய மனிதர் பலர் ஒன்றுகூடி எழுப்பிய குரலே. வலிமை மிக்கவர் யார் என்னும் வினாவிற்கு வரலாறு தரும் விடையும் அதுவே.